மலைக் கிராமத்தில் முதல் சுகாதார வகுப்பு: வயிற்றுப்போக்கிலிருந்து தொடங்குங்கள்

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி, பர்கூர் மாதிரியான இடங்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கைகழுவுதல், ரத்தசோகை, தடுப்பூசி, கழிப்பறை, பாம்புக்கடி எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் பேசி முடித்து, துண்டறிக்கை கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மறுவாரம் அதே ஊரில் ஒரு குழந்தைக்கு வயிற்றால் போனால், அம்மாவின் கை பழைய பழக்கத்தைத்தான் செய்யும். கேட்டது காதோடு நின்றுவிட்டது, கைக்கு வரவில்லை.

எனவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பாடம்தான்: வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு வீட்டில் என்ன செய்வது, எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது. இதை ஒரு ஊருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிட்டால் மற்ற பாடங்களுக்கும் வழி தெரிந்துவிடும்.

ஏன் இதை முதலில் எடுக்கச் சொல்கிறோம்? வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். அதை ஈடுகட்டப் பெரும்பாலும் ஊசி வேண்டாம், டாக்டர் வேண்டாம். தண்ணீர், ஒரு பாக்கெட் தூள், ஒரு கரண்டி, பொறுமையாக ஊட்ட ஒரு ஆள் போதும். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கரண்டியால் ஊட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊட்டியவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. மலை ஊரில் ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும்போது இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மலை ஏறுவதற்கு முன்

முதலில் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. ஆனால் அந்த 3,000 பேர் பதினைந்து இருபது குக்கிராமங்களில் சிதறிக் கிடப்பார்கள். நர்சம்மாவுக்குத் தெரியாமல் நேராக ஊருக்குள் போனால் அவரும் சங்கடப்படுவார், ஊரும் குழம்பும். ஆஷா என்பவர் ஊரிலிருந்தே எடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு ஒருவர் இருந்தால் அவரே உங்கள் முதல் கூட்டாளி. அங்கன்வாடி ஆசிரியை அடுத்தவர்.

இவர்களிடம் கேட்க வேண்டியவை: ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள் பாக்கெட், கையிருப்பு இருக்கிறதா, துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், இருக்கிறதா, ஊருக்குள் யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்? பாக்கெட் கிடைக்காத ஊரில் பாக்கெட்டைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி ஊருக்குள் யாரிடமாவது இருபது பாக்கெட்டாவது வந்து சேரட்டும். மழைக்கு முன்பு வீடு வீடாக ஓஆர்எஸ், ஜிங்க் கொடுக்கும் அரசு இயக்கம் ஆண்டுதோறும் நடக்கிறது. அதையொட்டி வகுப்பை வைத்தால் தூள் கையில் இருக்கும்போதே பாடமும் நடக்கும்.

பிறகு வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 108 வண்டி எதுவரை வரும்? அங்கிருந்து ஊருக்கு எவ்வளவு நடை? செல்போன் சிக்னல் எந்தப் பாறை மேல் கிடைக்கும்? ராத்திரியில் நோயாளியை டோலி கட்டித் தூக்க யாரைக் கூப்பிடுவார்கள்? இரவு டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் ‘ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே போங்க’ என்று சொல்வதில் பொருளே இல்லை.

காலத்தையும் பாருங்கள். விதைப்பு, சாமை அறுப்பு சமயத்தில் போனால் வீட்டில் கைக்குழந்தையும் பாட்டியும் மட்டுமே இருப்பார்கள். பல ஊர்களில் வருடத்தில் சில மாதம் குடும்பத்தோடு காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போய்விடுவார்கள். எப்போது திரும்புவார்கள் என்று ஆஷாவுக்குத் தெரியும்.

முதல் தடவை கேட்க மட்டும்

முதல் தடவை ஏறும்போது எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஊர்க்கவுண்டர், மூப்பன் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். அவரைப் பார்த்து, யார், எதற்கு வந்திருக்கிறோம், எத்தனை தடவை வருவோம் என்று சொல்லிவிட்டு, ஏழெட்டு வீடுகளில் உட்கார்ந்து கேளுங்கள். கேள்வி நடந்ததைப் பற்றி இருக்கட்டும். “வயித்தால போனா என்ன செய்வீங்க?” என்றால் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்களோ அதையே மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். மாறாக:

“அக்கா, கடைசியா பாப்பாவுக்கு வயித்தால போனது எப்போ? அன்னிக்கு மொதல்ல என்ன குடுத்தீங்க? யாரு சொன்னாங்க? ராத்திரி எப்படி இருந்துச்சு?”

இப்படிக் கேட்டால் கதை வரும். பல்லு முளைக்குது, அதான் போகுது என்பார்கள். குடல் ஏறிடுச்சு, தட்டி எடுத்தோம் என்பார்கள். தோஷம் பட்டுவிட்டது, மந்திரித்தோம் என்பார்கள். உச்சிக்குழி உள்ளே போயிடுச்சு என்று ஒரு பாட்டி தனி நோயாகச் சொல்வார். வயிற்றைக் காயப்போட்டால் நிற்கும், தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்ற நம்பிக்கை அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். எதையும் மறுத்துப் பேசாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு இந்த விஷயங்களிலிருந்துதான் தொடங்கப் போகிறது. அந்தப் பாட்டி சொன்ன உச்சிக்குழி, மருத்துவர்களும் பார்க்கும் அறிகுறியேதான்: உடம்பில் தண்ணீர் வற்றினால் கைக்குழந்தையின் உச்சி உள்வாங்கும். கண்ணால் சரியாகப் பார்த்திருக்கிறார். காரணம் மட்டும் அவருக்கு வேறு.

வீட்டுக்குள் இருக்கும்போதே பாத்திரங்களையும் பாருங்கள். எந்தச் சொம்பில் தண்ணீர் மொள்கிறார்கள், டம்ளர் எவ்வளவு பெரியது, சிறு கரண்டி இருக்கிறதா, உப்பு தூளா கல்லா, சர்க்கரை வாங்குகிறார்களா வெல்லமா? இந்தக் குறிப்பு இல்லாமல் செய்முறை சொல்லவே முடியாது.

இடமும் நேரமும்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். பெரிய ஊர் என்றால் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் உட்கார்ந்தால் முன்வரிசையில் இருக்கும் நான்கு பேர்தான் பேசுவார்கள். சாயங்காலம் வேலை முடித்து, விறகும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்த பிறகு, உலை வைப்பதற்கு முன்பு ஒரு முக்கால் மணி நேரம் கிடைக்கும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் சாப்பாட்டு நேரம் இன்னொரு வாய்ப்பு.

கோயில் வளாகத்தில் வைக்காதீர்கள். மாதவிலக்கான பெண்கள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்கள். யார் வீட்டுத் திண்ணையில் வைத்தால் ஊரில் எல்லாத் தெருவும் வரும் என்று ஆஷாவிடம் கேளுங்கள். தயக்கமாகப் பதில் வந்தால் அங்கன்வாடியே நல்லது. சமவெளிக் கிராமங்களில் இது இன்னும் முக்கியம்: காலனிக்காரர்கள் வர முடியாத இடத்தில் நடக்கும் வகுப்பு, நோய் அதிகம் தாக்கும் குழந்தைகளை விட்டுவிட்டு நடக்கும் வகுப்பு.

அம்மாக்களை மட்டும் கூப்பிடாதீர்கள். ராத்திரி பேதி வந்தால் என்ன கொடுப்பது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் மாமியார். அவர் இல்லாமல் மருமகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் அந்த வீட்டில் சண்டைதான் வரும்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பத்துப் பேர் வகுப்புக்கு: 1 லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட் 5, சின்ன 200 மில்லி பாக்கெட் 2, காலி 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் 2, 5 மில்லி தேக்கரண்டி 3, தூள் உப்பு 100 கிராம், சர்க்கரை கால் கிலோ, காட்டுவதற்கு ஜிங்க் மாத்திரை ஓர் அட்டை, சொம்பில் கோடு போட ஒரு ஆணி. இதோடு ‘தண்ணீர்ப் பாப்பா’ ஒன்று, அது என்ன என்று கீழே வருகிறது. பேனர், மைக், மாலை எதுவும் வேண்டாம். குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம்.

வகுப்பு

தண்ணீர்ப் பாப்பாவோடு தொடங்குங்கள். மெக்சிகோ மலைக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் சுரைக்குடுவையில் செய்துகாட்டி உலகமெங்கும் பரவிய முறை இது. நம் ஊரிலும் சுரைக்குடுவை கிடைத்தால் அதுவே மேல். இல்லையென்றால் 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, அடிப்பக்கம் சூடான ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் குச்சியால் அடைத்துக்கொள்ளுங்கள். வெளியே கண்ணும் வாயும் வரையுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வாயின் மேல் நனைத்த மெல்லிய வேட்டித்துணியைத் தண்ணீரைத் தொடும்படி விரியுங்கள். இப்போது ஒரு பாட்டியைக் கூப்பிட்டு, “உச்சியைத் தொட்டுப் பாருங்க பாட்டி” என்று சொல்லிவிட்டுக் குச்சியைப் பிடுங்குங்கள். கீழே தண்ணீர் போகப் போக மேலே துணி குழிந்து இறங்கும். ஒரு வார்த்தையும் பேசாமல் காத்திருங்கள். உச்சி விழுந்ததால் பேதி வரவில்லை, பேதியில் தண்ணீர் போனதால் உச்சி விழுந்தது என்பதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் தானாகச் சொல்வார். உடனே “உச்சி மேலே வரணும்னா என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். ஓட்டை திறந்திருக்கும்போதே ஒருவரை மேலே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். போகிற அளவுக்கு ஊற்றினால் துணி மேலே நிற்கும். தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஒரு எச்சரிக்கை: துணி தடிமனாக இருந்தாலோ சரியாக நனையாவிட்டாலோ குழியாது, மானம் போய்விடும். வீட்டில் நான்கைந்து தடவை செய்து பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

அடுத்து அளவு. வந்திருக்கும் ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து தங்கள் சொம்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிச் சொம்பில் ஊற்றி, நிற்கும் மட்டத்தில் ஆணியால் உள்பக்கம் ஒரு கோடு கீறுங்கள். அந்தக் கோடுதான் அந்த வீட்டின் 1 லிட்டர். சில சொம்புகள் முக்கால் லிட்டர்தான் பிடிக்கும். அந்த வீட்டுக்கு வேறு பாத்திரம் பாருங்கள். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும், வகுப்பிலேயே மிகவும் உபயோகமான பத்து நிமிடம் இதுதான்.

பிறகு கலக்குவது. ஏறத்தாழ 20.5 கிராம் எடையுள்ள பெரிய பாக்கெட் முழுவதும் 1 லிட்டர் தண்ணீரில். அதில் சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் இந்த எண்களைப் பார்த்துச் சரிபாருங்கள். சர்க்கரையும் உப்பும் இந்த விகிதத்தில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை கூடினால் தண்ணீர் குடலுக்குள் வந்து பேதி அதிகமாகும். உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பு வரை போகலாம்.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நல்லது. அது இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், வீட்டில் குடிக்கும் தண்ணீரிலேயே கலக்கலாம். கலந்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும் 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, 2 வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்கிற அளவு. அவர்கள் வீட்டு டம்ளரில் 100 மில்லி எதுவரை வருகிறது என்று ஊற்றிக் காட்டுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று மெதுவாகத் தொடர வேண்டும். டம்ளரை வாயில் வைத்து மடக்மடக்கென்று குடிக்கவிட்டால் வெளியே வந்துவிடும், “மருந்து ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுவார்கள். நடைமுறையில் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். அதனால் ஊட்டும் வேகத்தையும் காட்டுங்கள்: ஒருவர் கையில் கரண்டியைக் கொடுத்து, ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவே அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. கஞ்சி, களி, சோறு, பருப்பு என்று குழந்தை வழக்கமாகச் சாப்பிடுவதைக் குழைவாகக் கொடுக்க வேண்டும். சரியான பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாக. ஜிங்க் மாத்திரை 2 முதல் 6 மாதம் வரை அரை மாத்திரை, அதாவது 10 மில்லிகிராம். 6 மாதத்துக்கு மேல் முழு மாத்திரை, 20 மில்லிகிராம். ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து தினம் ஒரு தடவை, 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரை கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்கள் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இது இந்தப் பேதிக்கு மட்டுமில்லை, அடுத்த சில மாதத்தில் வரப்போகும் பேதிக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லி, காலண்டரில் 14ஆம் நாளை வட்டமிடச் சொல்லுங்கள்.

பாக்கெட் இல்லாத ராத்திரி

1 லிட்டர் நல்ல தண்ணீர், தலைதட்டிய தேக்கரண்டியில் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி தூள் உப்பு. கலந்ததும் நீங்கள் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது, கணக்கு தப்பிவிடும். கல்லுப்பு மட்டும் இருந்தால் பொடித்துக்கொண்டு அளக்க வேண்டும். இந்தக் கரைசலில் பொட்டாசியம் கிடையாது. பாக்கெட் வரும்வரை சமாளிக்கத்தான். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சித் தண்ணீர், உப்பு மோர் இவையும் அந்த நேரத்துக்கு உதவும். இனிப்புக் கூல்டிரிங்க்ஸ், கடுங்காப்பி வேண்டாம்.

தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம்

இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும்வரை விடாதீர்கள். குழந்தை குடிக்க முடியாமல் இருப்பது, பால் இழுக்காமல் இருப்பது. எழுப்பினாலும் துவண்டு கிடப்பது. கண் குழிவிழுந்திருப்பது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெதுவாகப் படிவது. மலத்தில் ரத்தம். எது கொடுத்தாலும் வாந்தி. ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது. 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் வேறு எதையும் பார்க்காமல் போய்விட வேண்டும். ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சைக்குழந்தை நாளைக்கு ஆறேழு தடவை இளக்கமாகப் போவது இயல்பு. நன்றாகப் பால் குடித்து, எடை ஏறினால் அது நோயில்லை. இதைச் சொல்லாவிட்டால் தேவையில்லாமல் பயப்படுவார்கள்.

தோல் கிள்ளுவதை நலமாக இருக்கும் ஒரு குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே செய்து காட்டுங்கள். சாதாரணத் தோல் எப்படிச் சட்டென்று படிகிறது என்று தெரிந்தால்தான் படியாததை அடையாளம் காண முடியும். போகும் வழியிலும் ஓஆர்எஸ் ஊட்டிக்கொண்டே போக வேண்டும். டோலி தூக்குகிறவர்களோடு கரண்டியும் சொம்புமாக ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு மூன்று வீட்டில் பேதி என்றால் அது தண்ணீரில் வந்த கோளாறாக இருக்கலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று வகுப்பிலேயே ஒருவரைப் பேர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

சொன்னதைச் செய்து காட்டட்டும்

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். “நான் ஒழுங்கா சொன்னேனான்னு தெரியணும் அக்கா, எனக்கு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க” என்று கேளுங்கள். அப்போது பரீட்சை உங்களுக்குத்தான், அவருக்கில்லை. அவர் செய்யும்போது குறுக்கே கைவைக்காமல் பாருங்கள். பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பார், கொஞ்சம் சிந்தும். கோடு வரை ஊற்றாமல் விடுவார். மீதித் தூளை மடித்து வைப்பார். ஒவ்வொன்றும் நாளை வீட்டில் நடக்கப் போவதுதான்.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, உப்பு வெல்லக் கரைசல் கலக்கக் கற்றுக்கொடுத்தது. எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்று பார்த்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு கண்காணிப்பாளர் ஒருவர் சில வீடுகளுக்குப் போய், அம்மாவுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு, கலந்த கரைசலையும் சோதித்து, அதைப் பொறுத்துப் பணியாளருக்குக் கூலி கணக்கிட்டார். கற்றுக்கொண்ட பிறகும் பல வீடுகளில் கரைசலைக் கொடுக்கவில்லை என்று தெரிந்தபோது, பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லாததும், வீட்டு ஆண்களுக்கு யாரும் எதையும் விளக்காததும் வெளியே வந்தது. அதன்பின் பணியாளர்களுக்குக் கரைசல் வேலை செய்யும் விதத்தை விளக்கி, சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடமும் பேசினார்கள். நீங்களும் வகுப்பு எடுப்பதற்கு முன்பு ஒரு டம்ளர் ஓஆர்எஸ் குடித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் இதைத்தான் கொடுப்பீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தப்பும் இடங்கள்

பெரிய பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலப்பது முதல் தவறு. தூள் வீணாகுமே என்ற அக்கறையில் செய்வதுதான். 200 மில்லி டம்ளரில் 1 லிட்டர் பாக்கெட்டைக் கொட்டினால் ஐந்து மடங்கு அடர்த்தி, குழந்தைக்கு ஆபத்து. அதனால்தான் சின்ன பாக்கெட், பெரிய பாக்கெட் இரண்டையும் பையில் வைக்கச் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, கடைச் சரக்கு. குளுக்கோஸ் பவுடரை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்குவார்கள். அதில் உப்பு கிடையாது. அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு வரும் பானங்கள் பல வருடம் ஓஆர்எஸ் என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. இருந்தாலும் அடிவாரக் கடையில் என்ன இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள், கடைக்காரரிடமும் பேசுங்கள். மலைக்கு ஏறும் சரக்கில் பாதி அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் ஏறுகிறது.

மூன்றாவது, பேதியை நிறுத்தும் மாத்திரை. குழந்தைகளுக்கு அது குடல் அசைவை முடக்கும், கொடுக்கவே கூடாது. ஓஆர்எஸ் பேதியை உடனே நிறுத்தாது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பேதி இரண்டு மூன்று நாள் போகும், குழந்தை வாடாமல் இருக்கும், அதுதான் அடையாளம். இதைச் சொல்லாமல் விட்டால் மறுநாளே “தூள் கேக்கல” என்று ஊசிக்குப் போவார்கள்.

மந்திரிப்பதையோ குடல் தட்டுவதையோ எதிர்த்து நிற்காதீர்கள். “மந்திரிக்கப் போறப்பவும் கரண்டி கையில இருக்கட்டும்” என்று சொன்னால் கேட்பார்கள். மந்திரிக்கிறவரையே வகுப்புக்குக் கூப்பிட்டு, அவர் வீட்டில் பத்து பாக்கெட் வைத்தால் இன்னும் நல்லது. ராத்திரியில் குழந்தையை முதலில் கொண்டுபோவது அவரிடம்தானே. ஆனால் வயிற்றில் சூடு போடுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அது புண்ணாகிக் கிருமி ஏறும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

திரும்பப் போவது

வகுப்பு முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை கட்டாயம் போக வேண்டும். ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: வீடு, சொம்பில் கோடு இருக்கிறதா, கலந்து காட்டினாரா, ஆபத்து அறிகுறி எத்தனை சொன்னார், நடுவில் யாருக்காவது பேதி வந்து என்ன செய்தார்கள். கடைசிக் கட்டம்தான் உங்கள் வேலையின் உண்மையான மதிப்பெண். வீட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள், நோய் விவரத்தோடு பெயர் எழுத வேண்டாம். பாதிப் பேருக்கு மேல் கலக்கத் தெரியாவிட்டால் இரண்டாவது பாடத்துக்குப் போகாமல் இதையே மறுபடி எடுங்கள்.

இந்த இரண்டு தடவையில் ஊருக்குள் ஒருவர் கண்ணில் படுவார்: பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானே போய்க் கலந்து கொடுத்தவர். படிப்பைப் பார்க்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970இலிருந்து ஆரோலே டாக்டர் தம்பதி பயிற்சி கொடுத்த கிராம சுகாதாரப் பணியாளர்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நிறையப் பேர். தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1990களில் டாக்டர் ரெஜியும் லலிதாவும் தொடங்கிய மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற பழங்குடிப் பெண்கள்தான் தூண்கள். நீங்கள் கண்டுபிடிப்பவரை ஆஷாவோடு சேர்த்துவிடுங்கள். பாக்கெட் தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அடுத்த வகுப்பை அவர் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

இரண்டாவது பாடம் கைகழுவுவது

பேதியை மறுபடி வராமல் தடுப்பது இது. பேச்சைக் குறைத்து ஒரு பொருளைச் செய்யுங்கள்: கால் மிதி குழாய். 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று, கவட்டைக் கம்பு இரண்டு ஆறடி உயரத்துக்கு, குறுக்குக் கம்பு ஒன்று, மிதிக் கம்பு ஒன்று, கயிறு, வலையில் கட்டிய சோப்பு. கவட்டைகளை முக்கால் மீட்டர் இடைவெளியில் அரை மீட்டர் ஆழத்துக்கு நட்டு, குறுக்குக் கம்பில் கைப்பிடி வழியாகக் கேனைத் தொங்கவிடுங்கள். கேனின் முன்பக்கம், அடியிலிருந்து அரைச் சாண் உயரத்தில் சூடான ஆணியால் சிறு ஓட்டை. மூடியில் கயிற்றைக் கட்டி மிதிக் கம்போடு இணைத்தால், மிதிக்கும்போது கேன் சாய்ந்து தண்ணீர் வரும். கழுவாத கை எதையும் தொட வேண்டியதில்லை. கீழே கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் சேறாகும். ஓட்டை பெரிதானால் ஐந்தே பேரில் தண்ணீர் காலி.

இது கெட்டுப்போவது இரண்டு காரணத்தால். சோப்பைக் காகம் தூக்கிப்போகும். மேலே கொட்டாங்குச்சி மூடி போடுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. வீட்டுக்கு ஒரு குழந்தையின் வேலை என்று அங்கேயே பேர் சொல்லி ஒப்படையுங்கள். கழிப்பறைப் பக்கம் ஒன்று, அடுப்படிப் பக்கம் ஒன்று என்று இருந்தால்தான் குழந்தைக்கு ஊட்டும் முன்பும் கழுவுவார்கள். சோப்புப் போட்டு 20 நொடி, நக இடுக்கு, விரல் இடுக்கு. முதலில் ஊரில் ஒரே ஒரு வீட்டில் கட்டுங்கள், மற்ற வீட்டார் வந்து பார்த்துத் தாங்களே கட்டும்வரை காத்திருங்கள். அடுத்த தடவை ஏறும்போது பழைய கேன்கள் நாலைந்தைக் கையில் கொண்டுபோங்கள். மலையில் கம்பும் கயிறும் கிடைக்கும், கேன்தான் கிடைக்காது.